இரண்டு நாழிகை மௌனம்

ஒரு சமூகத்தின் குணத்தை அறிய வேண்டுமானால் அது கொண்டாடும் பண்டிகைகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். அதைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நாள்தோறும் தவறாமல் கிடைத்துவந்த ஒரு சௌகரியம் திடீரென்று நின்றுபோகும்போது ஜனங்கள் என்ன செய்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று கவனித்தால் போதும். பண்டிகையன்று எல்லோரும் புதுத் துணி உடுத்திக்கொண்டு வருகிறார்கள். சௌகரியம் நிற்கும் வேளையில் உடுத்த அவகாசம் கிடைப்பதில்லை. இருக்கிற கோலத்தில் வெளியே ஓடி வருகிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு அந்தக் கோலம்தான் வேண்டும்.

2020-ஆம் வருஷம் டிசம்பர் 14-ஆம் தேதி திங்கட்கிழமை அப்படிப்பட்ட ஒரு சம்பவம் உலகம் முழுவதும் நடந்தது. நம் ஊர்க் கணக்குப்படி மாலை ஐந்தேகாலுக்குத் தொடங்கி ஆறு மணி சுமாருக்கு முடிந்துவிட்டது. ஜிமெயில் என்ற மின்னஞ்சல் சேவையும், அதை நடத்தும் கூகிள் ஸ்தாபனத்தின் மற்றச் சேவைகளும், தங்கள் வாடிக்கைக்காரர்களை உள்ளே விட மறுத்துவிட்டன. மொத்தம் 47 நிமிஷம். பழைய கணக்கில் சொன்னால் ஏறக்குறைய இரண்டு நாழிகை. கொரோனாவுக்குப் பயந்து பாதி உலகம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருஷம் அது. ஆபீசும் பள்ளிக்கூடமும் கம்ப்யூட்டர் திரைக்குள் குடிபோயிருந்தன. அமெரிக்காவில் அப்போது காலை வேளை. அன்றைய வகுப்புகளையே ரத்து செய்த பள்ளிகளும் உண்டு.

காரணம் என்ன என்று பின்னால் கூகிள்காரர்களே விளக்கம் வெளியிட்டார்கள். படித்தபோது எனக்கு நமது சர்க்கார் ஆபீஸ்களின் ஞாபகம்தான் வந்தது. உள்ளே வருகிறவர் யார் என்று அடையாளம் பார்க்கும் இலாகா ஒன்று அங்கே இருக்கிறது. ஒவ்வொரு இலாகாவுக்கும் இவ்வளவு சேமிப்பு இடம் என்று பங்கீடு செய்யும் ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. அக்டோபர் மாதத்தில் பழைய பங்கீட்டு முறையைப் புதியதாக மாற்றினார்கள். பழையதில் ஒரு துண்டு எஞ்சி நின்றுவிட்டது. அந்தத் துண்டு, அடையாளம் பார்க்கும் இலாகாவின் செலவு பூஜ்யம் என்று ஓயாமல் கணக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது. தவணைக் காலம் தீர்ந்ததும், 'செலவே இல்லாதவனுக்குப் பங்கு எதற்கு?' என்று இயந்திரம் தானாகவே பங்கைக் குறைத்துவிட்டது. வாசற்காரனுக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று. வீட்டுக்காரர்கள் வெளியே நின்றார்கள். இதில் ஒரு விசேஷம் உண்டு. அதே கூகிளுக்குச் சொந்தமான யூட்யூபில், தான் யார் என்று சொல்லாமல் அந்நியனாக நுழைந்தவனுக்குப் படம் தெரிந்தது. பெயர் சொல்லி உரிமையோடு கதவைத் தட்டியவனுக்குத்தான் திறக்கவில்லை.

காரணத்தைவிட ஜனங்கள் நடந்துகொண்ட விதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜிமெயில் நின்றது அன்று முதல் தடவை அல்ல. 2009 பிப்ரவரியில் சுமார் இரண்டரை மணி நேரம் நின்றது. அதே வருஷம் செப்டம்பரில் ஏறக்குறைய 100 நிமிஷம் நின்றது. 2014 ஜனவரியில் பெரும்பாலோருக்கு 25 நிமிஷம் நின்றது. ஒவ்வொரு தடவையும் ஒரே நாடகம்தான். நடிகர்களும் வசனமும்கூட அநேகமாக மாறுவதில்லை.

முதல் அங்கம் தன்னைத்தானே சந்தேகிப்பது. கடிதப் பெட்டி திறக்கவில்லை என்றதும் மனிதன் கூகிளைச் சந்தேகிப்பதில்லை. தன் வீட்டு இணைப்பைச் சந்தேகிக்கிறான். பெட்டியை அணைத்து ஏற்றுகிறான். கடவுச்சொல்லைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி மறுபடி அடிக்கிறான். இன்டர்நெட் பணம் கட்டினாயா என்று மனைவியைக் கேட்கிறான். அந்தக் காலத்தில் தபால் வரவில்லை என்றால் தபால்காரன் மேல்தான் முதல் சந்தேகம் விழும். தன் வீட்டுத் திண்ணையை யாரும் சந்தேகித்ததில்லை. இன்றைய மனிதன் தான் தவறினாலும் தவறலாம், அது தவறாது என்று நம்புகிறான். இந்தப் பணிவைத் தெய்வத்தின் முன்னால் மட்டும் காட்டிக்கொண்டிருந்த ஜாதி நம்முடையது.

இரண்டாவது அங்கம் துணை தேடுவது. 'எனக்கு மட்டும்தானா, உங்களுக்குமா?' என்ற கேள்வியை எழுதிக்கொண்டு எல்லோரும் ட்விட்டருக்கு ஓடினார்கள். எல்லோருக்கும்தான் என்று தெரிந்ததும் எழுந்த நிம்மதிப் பெருமூச்சு இருக்கிறதே, அதை எந்த நாவலாசிரியனும் கவனிக்காமல் விடக்கூடாது. கஷ்டம் குறையவில்லை, கடிதம் ஒன்றும் வந்துவிடவும் இல்லை. ஆனாலும் ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டது என்று தெரிந்தால் நாம் விசிறியை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் திண்ணைக்கு வருவதில்லையா? நம் வீட்டில் மட்டும் போனால்தான் வயிறு எரிகிறது.

மூன்றாவது அங்கம் ஹாஸ்யம். இதுதான் எல்லாவற்றிலும் நீளமானது. பத்திரிகைகள் விரும்பிப் பிரசுரிப்பதும் இதைத்தான். இனி வேலை செய்தாக வேண்டுமே என்று ஒருவர் அலுத்துக்கொள்வார். வீட்டில் உள்ளவர்களோடு பேசிப் பார்த்தேன், நல்ல மனிதர்களாகத்தான் தெரிகிறார்கள் என்று இன்னொருவர் எழுதுவார். உலகம் முடிந்துவிட்டது என்று மூன்றாமவர் அறிவிப்பார். 2014-இல் நடந்த ஒரு வேடிக்கையை எந்தக் கதாசிரியனும் துணிந்து கற்பனை செய்திருக்க மாட்டான். சேவை தடைப்படாமல் காப்பதற்கென்றே கூகிளில் இருக்கும் பொறியாளர் குழு, பொதுமக்களின் கேள்விகளுக்கு இணையத்தில் பதில் சொல்வதாக முன்கூட்டி அறிவித்திருந்த அதே நாளில் ஜிமெயில் நின்றது. போட்டிக் கடையான யாஹூவும் சும்மா இருக்கவில்லை. ஜிமெயில் வேலை செய்யவில்லை என்பதை ஊருக்கெல்லாம் தமுக்கடித்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டது. அதற்கு முந்திய மாதம்தான் யாஹூவின் சொந்த மின்னஞ்சல் சேவை சிலருக்கு நாள்கணக்கில் நின்று, அதன் தலைவி மன்னிப்புக் கேட்டிருந்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். தனக்கு வந்துபோன பிறகும் தெரியாதவர்கள் உண்டு என்பது அன்று நிரூபணமாயிற்று.

இந்த ஹாஸ்யத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. பயத்தை மறைக்கச் சிரிப்பது மனித சுபாவம். சாவு வீட்டிலும் கொல்லைப்புறத்தில் சிரிப்புக் கேட்கும். ஆனால் வருஷத்துக்கு வருஷம் ஒரே சிரிப்பைச் சிரிப்பது இலக்கியரீதியில் ஒரு நோய். 2009-இல் அந்தச் சிரிப்பில் ஆச்சரியம் இருந்தது. 2020-இல் அது பழக்கமாகிவிட்டது. டிசம்பர் 14 அன்று வெளிவந்தவற்றில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒன்றே ஒன்றுதான். அமெரிக்கர் ஒருவர், குழந்தையின் அறையில் இருட்டில் உட்கார்ந்திருப்பதாகவும், விளக்கை ஏற்றுவதே கூகிளின் பொறுப்பாக இருப்பதால் அதை ஏற்ற முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். ஜனங்கள் அதையும் ஹாஸ்யமாகவே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது ஹாஸ்யமாகப் படவில்லை. ஒரு நல்ல சிறுகதையின் முதல் வாக்கியமாகப் பட்டது.

நாலாவது அங்கம் கோபம், அது குட்டையானது. கோபிப்பவர்களை அடக்க உடனே ஒருவர் எழுந்து, 'காசு கொடுக்காமல் வாங்குகிற சாமானுக்கு இவ்வளவு கோபமா?' என்று கேட்டுவிடுவார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 2009 பிப்ரவரியில் நின்றபோதுகூடப் பணம் கட்டிய வாடிக்கைக்காரர்களுக்கு 15 நாள் கட்டணத்தைத் தள்ளிக் கொடுத்தார்கள். இலவசக்காரர்களுக்கு மன்னிப்பு மட்டும் கிடைத்தது. ஆனால் இந்த நியாயத்தை நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. 2004 ஏப்ரல் முதல் தேதி ஜிமெயில் ஆரம்பமானபோது, ஒரு ஜிகாபைட் இடம் இலவசம் என்ற அறிவிப்பை முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். அன்று அது உபரியான ஒரு வசதி. இன்று பாங்கிக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோனால் புதியது வருவது அந்தப் பெட்டிக்கு. ரயில் டிக்கெட் வருவது அந்தப் பெட்டிக்கு. மகனுக்கு வேலை கிடைத்த உத்தரவும், தகப்பனாரின் ரத்தப் பரிசோதனை முடிவும் வருவது அந்தப் பெட்டிக்கு. மற்ற எல்லாப் பூட்டுக்கும் சாவி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. சாவியை இலவசமாகக் கொடுத்தவன், வீட்டின் மேல் தனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று சொல்ல முடியுமா?

இங்கே இன்னொரு 47-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். 1971-இல் பிரிட்டனில் தபால் ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜனவரி 20-ஆம் தேதி தொடங்கி மார்ச் 8-ஆம் தேதி தபால் மறுபடி ஓடும்வரை 47 நாள். நிமிஷமல்ல, நாள். ஒரு பெரிய தேசம் கடிதமில்லாமல் ஒன்றரை மாதம் இருந்தது. இடையில் பிப்ரவரி 15-ஆம் தேதி அவர்களுடைய நாணய முறையே மாறிற்று. புது நாணயத்துக்கென்று அச்சிட்ட தபால் தலைகளை ஒட்டிய உறைகளில், வேலைநிறுத்தத்தால் தாமதம் என்ற முத்திரை குத்த வேண்டியதாயிற்று. தபாலில் சர்க்காருக்கு இருந்த ஏகபோகத்தைத் தாற்காலிகமாகத் தளர்த்தினார்கள். தனியார் சின்னச் சின்னத் தபால் சேவைகளை ஏற்படுத்தித் தாங்களே தலையும் அச்சிட்டுக்கொண்டார்கள். நஷ்டமும் கஷ்டமும் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மௌனத்துக்கு ஒரு முகம் இருந்தது. அந்த முகத்தோடு சண்டை போடலாம், அனுதாபப்படலாம், கடைசியில் கேட்ட உயர்வு கிடைக்காமல் அவர்கள் வேலைக்குத் திரும்பியபோது பாவம் என்று நினைக்கவும் செய்யலாம். 2020-இன் 47 நிமிஷத்துக்கு முகமே இல்லை. பூஜ்யம் என்று தப்புக் கணக்குக் கொடுத்த ஒரு துண்டு இயந்திரத்தின் மேல் கோபப்படுவது எப்படி? மன்னிப்பதுதான் எப்படி?

மன்னிப்பு என்றதும் ஆர். கே. நாராயணின் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1943-இல் வெளிவந்த 'மால்குடி டேஸ்' தொகுதியில் தானப்பா என்ற தபால்காரன் வருகிறான். தன் வட்டத்திலுள்ள ஒவ்வொரு குடும்பத்தின் விவகாரமும் அவனுக்கு அத்துபடி. ராமானுஜம் என்பவரின் மகளுக்கு வரன் குதிர்வதில் அவனுக்கும் பங்குண்டு. மாப்பிள்ளைப் பையன் பயிற்சிக்காக வெளியூர் போக வேண்டியிருக்கிறது. அந்த முகூர்த்தம் தவறினால் கல்யாணமே தட்டிப்போகும். அந்தச் சமயத்தில், நெருங்கிய உறவினர் ஒருவர் அபாய நிலையில் இருப்பதாகக் கார்டும், பிறகு இறந்துவிட்டதாகத் தந்தியும் வருகின்றன. தானப்பா இரண்டையும் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, கல்யாணம் முடிந்த பிறகு கொண்டுவந்து நீட்டுகிறான். அவன் மேல் புகார் எழுதலாம், வேலையே போய்விடும். ராமானுஜம் எழுதப் போவதில்லை.

இந்தக் கதையைப் படித்தவர்கள் பெரும்பாலும் தானப்பாவின் நல்ல மனசைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நாராயண் அவ்வளவு சுலபமான ஆசிரியர் அல்ல. அடுத்தவருடைய துக்கத்தை எப்போது அவருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கத் தபால்காரனுக்கு உரிமை உண்டா என்ற முள் கதைக்குள் இருக்கிறது. ராமானுஜத்தின் வருத்தத்தில் அது தெரிகிறது. அந்த முள்ளைத் தாங்க அங்கே இரண்டு மனிதர்கள் நேருக்கு நேர் நிற்கிறார்கள். தவறு செய்தவன் வந்து சொல்கிறான். பாதிக்கப்பட்டவர் யோசித்து முடிவு சொல்கிறார். மின்னஞ்சல் நிற்கும்போது நமக்குக் கிடைக்காமல் போவது கடிதம் மட்டுமல்ல. இந்தச் சந்திப்பும் கிடைப்பதில்லை. திரையில் வரும் மன்னிப்பு வாசகம் ஒன்றுதான் கிடைக்கிறது. அது எல்லோருக்கும் பொதுவானது. ஆகவே யாருக்கும் உரியதல்ல.

நாராயணுக்கும் முந்தி, 1909-லேயே, இ. எம். ஃபார்ஸ்டர் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்ற கதையை எழுதிவிட்டார். நம் தேசத்தைப் பற்றி அவர் எழுதிய நாவலை அறிந்த வாசகர்கள் பலர் இந்தக் கதையை அறிந்திருக்க மாட்டார்கள். மனிதர்கள் பூமிக்கடியில், தேன்கூட்டின் கண்ணறை மாதிரி ஆளுக்கொரு அறையில் வாழ்கிறார்கள். உணவு, விளக்கு, சங்கீதம், பேச்சு எல்லாவற்றையும் ஒரே இயந்திரம் கொடுக்கிறது. வஷ்டி என்ற தாய் ஒரு கோடியில் இருக்கிறாள். கூனோ என்ற மகன் பூமியின் மறுகோடியில் இருக்கிறான். ஒரு தட்டில் தெரியும் உருவத்தின் மூலம் பேசிக்கொள்கிறார்கள். முதலில் சங்கீதத்தில் அபசுரம் தட்டுகிறது. பழுது பார்க்கும் கமிட்டிக்குப் புகார் போகிறது. அது மேலே அனுப்பப்படும் என்று பதில் வருகிறது. புகார் செய்தவர்களுக்கு அபசுரமே பழகிப்போகிறது. கடைசியில் ஒருநாள் எல்லாம் நின்றுவிடுகிறது. இயந்திரத்தின் ஓயாத இரைச்சல் அடங்கிய அந்த மௌனமே பல ஆயிரம் பேரைக் கொன்றுவிடுகிறது.

நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்தக் கதை பழசாகவில்லை என்று ஒவ்வொரு தடவை இணையம் தடைப்படும்போதும் விமர்சகர்கள் எழுதுகிறார்கள். பாராட்டு சரிதான். ஆனால் ஃபார்ஸ்டர் எங்கே சறுக்கினார் என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு ஒரேயடியாக நிற்கிறது. நம்முடைய இயந்திரம் ஒரேயடியாக நின்று, 47 நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுகிறது. அவருடைய மனிதர்கள் கதறுகிறார்கள், பிரார்த்திக்கிறார்கள், நம்மவர்கள் சிரிக்கிறார்கள். உலக முடிவு ஒன்று கதைக்குத் தேவைப்பட்டதால் அவர் அதைக் கொண்டுவந்தார். வாழ்க்கை உலக முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறது. உலகம் முடிந்தால் ஒரு பாடமாவது மிஞ்சும். திரும்பி வந்துவிடுவதால் பாடமும் மிஞ்சுவதில்லை. ஆறு மணிக்குப் பெட்டி திறந்ததும் ஐந்தரை மணியின் பயம் மறந்துவிட்டது. இதுதான் நம் நாடகத்தின் ஐந்தாவது அங்கம். அதற்கு வசனமே கிடையாது. ஃபார்ஸ்டர் சரியாகக் கண்டுபிடித்தது அபசுரம் பழகிப்போகும் என்ற இடத்தைத்தான். அந்த ஒரு இடத்துக்காகவே கதை நிற்கும்.

டிசம்பர் 15-ஆம் தேதி நடந்ததை ஃபார்ஸ்டராலும் கற்பனை செய்திருக்க முடியாது. முந்திய நாளைய அமளியில் இதை அதிகம் பேர் பேசவில்லை. அன்று ஜிமெயில் மறுபடியும் தடுமாறியது. இந்தத் தடவை வேறு மாதிரி. ஜிமெயில் விலாசங்களுக்குப் போன கடிதங்களில் பல திரும்பி வந்தன. 'இப்போது கொடுக்க முடியவில்லை, பிறகு பார்க்கிறேன்' என்று சொல்லித் திரும்பவில்லை. 'இப்படி ஒரு விலாசமே இல்லை' என்று முடிவாகச் சொல்லித் திரும்பின. ஏற்பாட்டில் செய்த ஒரு மாறுதலின் பிசகு, விட்டுவிட்டுப் பல மணி நேரம் நீடித்தது. கடிதம் கிடைக்க வேண்டியவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய பெட்டி திறக்கிறது. பழைய கடிதங்கள் அப்படியே இருக்கின்றன. புதிதாக ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். அனுப்பியவனுக்கோ அவர் இல்லை என்று பதில் போயிருக்கிறது. மொத்தமாகக் கடிதம் அனுப்பும் இயந்திரங்கள் இந்தப் பதிலை நம்பித் தங்கள் ஜாபிதாவிலிருந்து பெயர்களை அடித்துவிடக்கூடியவை. உயிரோடு இருப்பவர் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அவருக்கு மட்டும் தெரியவில்லை.

முதல் நாள் ஊரே ஒன்றாகக் கூடிச் சிரித்தது. இரண்டாம் நாள் அவனவன் தனியாக நஷ்டப்பட்டான், கூட்டமில்லாததால் சிரிப்புமில்லை. 2011 பிப்ரவரியிலும் இப்படித்தான் நடந்தது. வாடிக்கைக்காரர்களில் 0.02 சதவிகிதம் பேர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. பல ஊர்களில் பிரதி எடுத்து வைத்திருந்தும், மென்பொருளில் இருந்த பிசகு பிரதிகளையும் பாதித்துவிட்டது. கடைசியில் பழைய காலத்துக் காந்த நாடாவில் தனியாக எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து மீட்டுக் கொடுத்தார்கள். இடையில் வருஷக்கணக்கான கடிதங்கள் காணாமல் போன அந்த மனிதர்கள் எப்படி இருந்திருப்பார்கள்? அவர்களைப் பற்றி ஹாஸ்யத் துணுக்கு ஒன்றும் பிரபலமாகவில்லை. எல்லோருக்கும் வந்த கஷ்டம் வேடிக்கையாகிவிடுகிறது. ஒரு சிலருக்கு வந்தது புள்ளிவிவரமாகிவிடுகிறது. இலக்கியத்தின் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு மின்னஞ்சலை விட்டுவிடுங்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. முக்கியமான நாலைந்து டெலிபோன் எண்களைக் காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள். வேண்டிய பத்திரங்களுக்கு வீட்டில் ஒரு நகல் வையுங்கள். பதில் வராத கடிதத்துக்கு ஒரு தடவையாவது போன் செய்து கேளுங்கள். இவ்வளவுக்கு மேல் ஒரு சாமானியனால் செய்ய முடியாது.

எழுதுகிறவர்களிடம் கேட்கத்தான் எனக்கு அதிகம் இருக்கிறது. தபால்காரனை வைத்து இந்த நாட்டில் எத்தனையோ கதைகள் எழுதியாகிவிட்டது. தபால் நின்றுபோன வேளையை வைத்து நல்ல கதை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. நமக்குக் கிடைத்திருப்பதெல்லாம் அந்தச் சிரிப்புத்தான். டிசம்பர் 15-ஆம் தேதி ஒரு பெண் மூன்று வருஷமாகப் பேசாமலிருந்த அண்ணனுக்கு, யோசித்து யோசித்துச் சமாதானக் கடிதம் ஒன்று எழுதி அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஒருவர் இல்லை என்று அது திரும்பி வருகிறது. அவன் விலாசத்தை மாற்றிக்கொண்டான், தன்னைத் தவிர்க்கிறான் என்று அவள் நினைக்கலாம்; அதைவிட மோசமானதையும் நினைக்கலாம். மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டது என்று பத்திரிகையில் வருகிறது. அவள் பத்திரிகை படிக்கிறவள் அல்ல. அந்தக் கடிதத்தை இரண்டாம் தடவை அனுப்புவாளா, மாட்டாளா? அவள் அனுப்பினால் ஒரு கதை. அனுப்பாவிட்டால் அதைவிடப் பெரிய கதை. இரண்டில் எதையாவது யாராவது எழுதினால், முதலில் படிக்க நான் காத்திருக்கிறேன்.